எங்கள் வண்டிக்கு வந்த ஏழு நோய்கள்

நான் ஒரு பக்கத்துக்கு மேல் கடைசியாக எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில்தான். 'எங்கள் பகுதி நூலகம்' என்று கட்டுரை கேட்டிருந்தார்கள். எங்கள் காலனியில் நூலகமே கிடையாது. இருந்ததாக எழுதி, அதற்கு ஒரு நூலகரையும் நியமித்து, அவருக்குக் கண்ணாடியும் மாட்டிவிட்டு, பத்துக்கு ஏழு மார்க் வாங்கினேன். அதன் பிறகு மளிகைச் சீட்டு தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. ஆகவே, எழுதத் தெரிந்தவர்கள் எழுதுகிற இடத்தில் நானும் வந்து ஓரமாக உட்காருவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். என் மகளுக்குத் தமிழ் புரியும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்குப் படிக்க வரும். ஆனால் அவர் படித்தாலும் புதிதாகத் தெரிந்துகொள்ள இதில் ஒன்றும் இல்லை.

கூச்சப்படுகிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். என் அனுபவத்தில் அவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். மனதில் இருப்பதைச் சொல்ல வாய் வராது; பதிலுக்கு வேறு எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும். 'உங்களோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும்போல இருக்கிறது' என்று என் வீட்டுக்காரரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொன்னேன்.

என் அப்பா செகந்திராபாத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் உருது கலந்த இந்தி என்று வளர்ந்தேன். (மூன்று பாஷையிலும் எனக்கு நன்றாக வருவது சும்மா இருப்பதுதான்.) என் வீட்டுக்காரரும் அதே காலனிதான். பெயர் தனசேகர். வண்டி மெக்கானிக். எங்கள் மகள் ரேவதி மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது குவைத்துக்குப் போனார். அங்கே ஒரு பட்டறையில் பிக்அப் வண்டிகளின் கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டுகிற வேலை. 'ரெண்டு வருஷம்' என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாவது வருடம் லீவில் வந்தபோது புதிதாக ஒரு பிக்அப் வண்டி வாங்கி என் பெயரில் பதிவு செய்தார். யாதகிரி என்று ஒரு டிரைவரை வைத்தார். நாச்சாரத்தில் டைல்ஸ் ஒட்டும் பவுடர் தயாரிக்கிற ஃபாக்டரி ஒன்று இருக்கிறது. அங்கே மூட்டைகளை ஏற்றி, ராமச்சந்திராபுரம் பக்கம் எழும்புகிற அடுக்குமாடிக் கட்டிடங்களுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். திரும்பிப் போகிற அன்று விமான நிலையத்தில், பெட்டியை டிராலியில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"இந்த வண்டி மட்டும் மூணு வருஷம் தொந்தரவு இல்லாம ஓடிச்சின்னா நான் வந்துர்றேன் கஸ்தூரி. அப்புறம் நானே ஓட்றேன்."

இந்த வாக்கியத்தை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. சாயங்காலம் போன் வரும். காலையிலிருந்தே நான் அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசையாக மனதில் அடுக்கிக்கொண்டிருப்பேன். போன் வந்ததும் வரிசை கலைந்துவிடும்.

"சாப்ட்டியா?"

"ம்."

"பாப்பா படிக்கிறாளா?"

"ம்."

"வண்டி ஓடுதா?"

"ஓடுது."

"சரி, வச்சிடட்டா?"

"ம்."

அவரும் என் ஜாதிதான், பேச்சு வராது. இரண்டு கூச்சக்காரர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தால் ஒரே வீட்டில் இருக்கிறவரை பிரச்சினை இல்லை. ஒருவர் காபி வைப்பார், இன்னொருவர் குடிப்பார், அதுவே ஒரு பேச்சு. நடுவில் கடல் வந்துவிட்டால்தான் கஷ்டம். போனை வைத்ததும் எத்தனை நிமிடம் பேசினோம் என்று திரையில் வரும். நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. நாலு நிமிடம் ஐந்து வினாடி. ஒரு வாரம் நாலு நிமிடம் முப்பது வினாடி வந்தது. ஏதோ திருவிழா மாதிரி அன்று இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

வண்டி வாங்கி இரண்டு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை யாதகிரி வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, தர்ட் கேர் நிலுஸ்தலேது" என்றார் தெலுங்கில். மூன்றாவது கியர் நிற்கவில்லையாம். போட்டால் ஏற்றத்தில் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறதாம். ராமச்சந்திராபுரத்திலிருந்து நாச்சாரம் வரை கியர் ராடை இடது முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டி வந்திருக்கிறார். பாண்ட்டை மடித்துக் காட்டினார். முழங்காலின் வெளிப்பக்கம் ஒரு கத்தரிக்காய் அளவுக்கு நீலமாகக் கன்றியிருந்தது.

குவைத்துக்கு மெசேஜ் போட்டேன். இரண்டாவது நிமிடம் போன் வந்தது. செவ்வாய்க்கிழமையில். அன்று மட்டும் மூன்று முறை பேசினார். கடைசியாகப் பேசியது நாற்பத்தொரு நிமிடம்.

கியரைப் பற்றித்தான் பேசினோம். ஆனால் யாதகிரி ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற வரை காத்திருக்க வேண்டியிருந்ததே, அந்த இடைவெளிகளில் வேறு பேச்சுகளும் வந்து விழுந்தன. அங்கே இரண்டு நாளாக மணல் காற்று என்றார். பல்லுக்கு நடுவில்கூட மணலாம். பட்டறைக்கு ஒரு பூனை வந்து டயரில் குட்டி போட்டிருக்கிறதாம், அந்த வண்டியை யாரும் எடுப்பதில்லையாம். "உன் குரல் இன்னா ஒரு மாதிரி கீது, சளியா?" என்றார். எத்தனையோ வருடம் கழித்து என் குரலைப் பற்றி ஒருவர் கேட்டார். சளி எல்லாம் இல்லை. இருந்தாலும் "ஆமா" என்றேன். இன்னும் மூன்று நிமிடம் கிடைத்தது.

கம்பெனியின் சர்வீஸ் ஷெட்டில் கியர்பாக்ஸைத் திறந்து ஏதோ ஒரு பித்தளை வளையத்தை மாற்றினார்கள். வாரண்டி இருந்ததால் பேச்சில்லாமல் செய்து கொடுத்தார்கள். வண்டி நன்றாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை: நாலு நிமிடம் எட்டு வினாடி.

இதற்கிடையே அதே மாடல் வண்டி வைத்திருக்கிறவர்களின் போன் குரூப் ஒன்றில் என் வீட்டுக்காரர் என்னையும் சேர்த்துவிட்டிருந்தார். ஹைதராபாத் முழுக்க நாற்பதுக்கு மேல் ஓனர்கள். பெண் என்றால் நான் ஒருத்திதான். யாரும் எழுத மாட்டார்கள், குரலில்தான் அனுப்புவார்கள். நான் சமையலறையில் போனைச் சாய்த்து வைத்து எல்லாவற்றையும் கேட்பேன். பதில் போட்டதே இல்லை. ஒருவருக்கு ஸ்டார்ட் பண்ணினால் வெள்ளைப் புகை. ஒருவருக்கு ஏற்றத்தில் இழுப்பதில்லை. ஒருவருக்கு ரிவர்ஸ் விழுவதில்லை, வண்டியைத் தள்ளித்தான் திருப்பவேண்டும். கஃபார் பாய் என்று ஒருவர், குரூப்புக்கே அவர்தான் தலைவர். அவருக்கு யாதகிரியுடைய அதே மூன்றாவது கியர். சர்வீஸ் ஷெட்டுக்குப் போனால் வண்டியைக் காலியாக, சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஓகே பாய்" என்று அனுப்பிவிடுகிறார்களாம். எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அவருக்கு இல்லை. எல்லாம் அன்றைக்கு ஷெட்டில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

மற்றவர்களின் கஷ்டத்தை இப்படி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அன்று பிறந்தநாள், கல்யாண நாள் என்று ஒன்றும் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். 'வண்டி ஏத்தத்துல இழுக்கல' என்று குவைத்துக்கு அனுப்பினேன்.

முப்பத்திரண்டு நிமிடம்.

இனி நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு நோய். குரூப்பில் யாருக்கு எது வந்தாலும் அது எங்கள் வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. வெள்ளைப் புகை வந்தது. கறுப்புப் புகை வந்தது. கிளட்ச் தீய்ந்த வாடை வந்தது. ரிவர்ஸ் போயிற்று. பிறகு திரும்பி வந்தது, வேறு ஒன்றுக்கு இடம் வேண்டுமே. அவர் குறுக்குக் கேள்வி கேட்பார்: சூடானதும் வருதா, காலைலயே வருதா? லோடு கீதா, காலியா? ஆக்சிலேட்டர்ல கால எடுக்கும்போதா, வைக்கும்போதா? உளறிவிடக் கூடாதே என்று நான் ஒவ்வொருவருடைய மெசேஜையும் நாலைந்து தடவை கேட்டு மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் இன்று ரயில்வேயில் இருந்திருப்பேன்.

"கஸ்தூரி, நான் இங்க நூத்துக்கணக்குல வண்டி பாத்துட்டேன். ஒரே வண்டிக்கு இத்தினி நோய பாத்ததில்ல" என்பார். "இப்டி இருந்தா எத்த நம்பி வர்றது?" என்பார். அதையும் கேட்டேன். காதில்தான் விழுந்தது. கண் திரையில் ஓடிக்கொண்டிருந்த நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏழாவது நோய், கியர்பாக்ஸில் சத்தம். "சத்தம் எப்டி வர்து, பதிவு பண்ணி அனுப்பு" என்றார். வண்டி அப்போது லோடோடு ராமச்சந்திராபுரத்தில் இருந்தது. ஆனால் வாசலில் நிற்கிறது என்று நான் சொல்லி முடித்திருந்தேன். வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரே இயந்திரம் கிரைண்டர். இட்லிக்கு உளுந்து அரைபட்டுக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கிரைண்டர், கொஞ்ச நாளாக அடியில் கர்கர் என்று ஒரு உறுமல். போனை அதன் அடியில் பிடித்தேன்.

ரேவதி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "மம்மி, கைக்கு ஜூட் போல்ரே?" என்றாள் அவளுடைய பள்ளிக்கூட இந்தியில். (ஏன் பொய் சொல்கிறாய் என்கிறாள்.) நான் கையைக் காட்டி அவளை விரட்டினேன்.

பதில் உடனே வந்தது. "இருவது செகண்ட் கேட்டேன், போதும். பேரிங்தான். உள்ள பேரிங் போச்சு. ரொம்ப நாள் தாங்காது." குரல் உடைந்திருந்தது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் அன்று ஐம்பத்தாறு நிமிடம்.

எனக்குத் தெரியாத ஒன்றை அவர் செய்தார். அறையில் கூட இருக்கிற படித்த பிள்ளை ஒருவனை உட்கார வைத்து, என் பெயரில் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு புகார் எழுதினார். ஏழு நோயும் வரிசையாக. கூடவே என் பதிவையும் இணைத்துவிட்டார். கஃபார் பாயும் குரூப்பில் எல்லார் பெயரையும் சேர்த்து ஒரு புகார் அனுப்பியிருந்தார். வாரண்டி முடிய ஒரு மாதம்தான் இருந்தது. கம்பெனியிலிருந்து பதில் வந்தது: சனிக்கிழமை புனேயிலிருந்து எங்கள் என்ஜினியர் வருகிறார். அதிகமாகப் புகார் உள்ள வண்டியை லோடோடு ஓட்டிப் பார்ப்பார். அதில் குறை இருந்தால் எல்லா வண்டிக்கும் கியர்பாக்ஸைத் திறந்து இலவசமாகச் சரிசெய்வோம். இல்லையென்றால் டிரைவர்கள் ஓட்டுகிற முறைதான் காரணம் என்று கோப்பை மூடிவிடுவோம்.

அதிகமாகப் புகார் உள்ள வண்டி எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கஃபார் பாய் ஒரு டஜன் வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அறுபதை நெருங்குகிறவர், வெள்ளைத் தாடி. என்னை 'ஆபா' என்று அக்கா முறையில் கூப்பிட்டார். "நாப்பது வண்டிக்கும் இப்போ உங்க வண்டிதான் ஆபா. ஆப் கைக்கு டர்ரே? ஹம் சப் ஹை னா" என்று என் முகத்தைப் பார்த்துத் தைரியம் சொன்னார், ஏன் பயப்படுகிறீர்கள், நாங்கள் எல்லாரும் இருக்கிறோமே என்று. நான் பயந்தது எதற்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? உட்காருகிறபோது இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் நின்றுகொண்டேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை யாதகிரியிடம் மெதுவாகக் கேட்டேன், வண்டியில் எதையாவது கொஞ்சம் கழற்றிவிட முடியுமா என்று. அவர் என்னை, பெற்ற பிள்ளையை அடிக்கச் சொன்ன மாதிரி பார்த்தார். "நா பண்டி பங்காரம் அம்மா" என்றார். அவர் வண்டி தங்கமாம். பெரிய என்ஜினியர் பார்க்க வருகிறார் என்று விடியற்காலையிலேயே கழுவி, ஆயில் பார்த்து, எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதிதாகக் கட்டி, முன்னால் சாமந்தி மாலை போட்டு நிறுத்தியிருந்தார்.

நாச்சாரத்தில் சர்வீஸ் ஷெட் முன்னால் முப்பது வண்டிக்கு மேல் நின்றன. எல்லாம் காலி வண்டிகள். எங்கள் வண்டியில் மட்டும் நாற்பது மூட்டை. ஓனர்கள் எனக்கு வழிவிட்டார்கள். யாரோ ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ரேவதி பக்கத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். திரையில் என் வீட்டுக்காரர், பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, தலை வாரி, சட்டைப் பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு இருந்தார். கையில் ஒரு பேப்பர். ஏழு நோயும் அதில் எழுதியிருந்தது.

என்ஜினியர் சின்ன வயதுக்காரர். வெள்ளை ஷூ. எங்கள் வண்டியில் ஏறி, யாதகிரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏற்றத்தில் ஏற்றினார். எல்லாரும் பின்பக்கம் போய் நின்று பார்த்தோம்.

அந்த வண்டி அன்று ஏறின மாதிரி அதற்கு முன்னும் ஏறியதில்லை, பின்னும் ஏறியதில்லை. நாற்பது மூட்டை இருப்பதே அதற்குத் தெரியவில்லை. மூன்றாவது கியரில் போனது, நின்றது, ரிவர்ஸில் வந்தது. புகை இல்லை, வாடை இல்லை, சாமந்தி மாலைதான் ஆடியது. இன்னொரு முறை. இன்னொரு முறை. யாதகிரி ஜன்னலில் கையைப் போட்டுக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு சுற்றிலும் என்னைப் பார்த்துச் சிரித்தார். வண்டி நன்றாக ஓடக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே.

என்ஜினியர் இறங்கினார். "மேடம், இந்த வண்டியில் ஒன்றும் இல்லையே" என்றார் இந்தியில்.

"சத்தம். சத்தத்த போட சொல்லு" என்றது போனிலிருந்து குவைத்.

என்ஜினியர் பொறுமைசாலி. ஷெட்டிலிருந்து ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவரச் சொல்லி என் பதிவைப் போட்டார். கர்கர் என்று ஷெட் முழுக்கக் கேட்டது. ஓனர்கள் தலையை ஆட்டினார்கள். "ஹவ், ஆமா, இதுதான், இதுதான்" என்றார் ஒருவர். "பேரிங்" என்றார் என் வீட்டுக்காரர் பெருமையாக.

இருபது வினாடி ஆயிற்று. அவர் கேட்டது அவ்வளவுதான். பதிவு ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. நானும் அதை முழுக்கக் கேட்டுப் பார்த்ததில்லை.

இருபத்தைந்தாவது வினாடியில் எங்கள் குக்கர் விசில் அடித்தது. அது ஓய்ந்ததும் என் குரல், தெளிவாக, அன்பாக: "பாப்பா, இங்க வா. உளுந்து பஞ்சு மாதிரி வந்துருக்கா பாரு. இட்லிக்கு இது போதுமா, இன்னும் ஒரு கை தண்ணி தெளிக்கட்டா?"

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இட்லி தெரியும்.

யாதகிரி முகம் மலர்ந்தது. எப்போதும் சர்க்கரை போட்ட டீ குடித்துக்கொண்டு எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழேதான் உட்காருவார். "இதி மன கிரைண்டரே கதா அம்மா" என்றார், இது நம் கிரைண்டர்தானே என்று, தெரிந்த ஆளைச் சந்தையில் பார்த்துவிட்ட சந்தோஷத்தில்.

பின்னால் ஒருவர் சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை. என்ஜினியர் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, கையில் இருந்த கோப்பை மூடினார். நாற்பது மூட்டையோடு நாற்பத்தொன்றாவது மூட்டையாக என்னையும் ஏற்றி எங்காவது இறக்கிவிட்டால் தேவலை என்று இருந்தது. போனில் என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். முகம் மட்டும் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினேன். அங்கே கஃபார் பாய் நின்றார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தன் வண்டியைப் பார்த்துக்கொண்டு, இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முழங்காலைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"சார், என் வண்டிக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். தமிழில் ஆரம்பித்து இந்தியில் விழுந்தேன். "நான் சொன்னது எல்லாம் பொய்தான். ஆனா நோய் பொய் இல்ல. அது எல்லாம் இவங்க வண்டிக்கு இருக்கு. கஃபார் பாய், பாண்ட்ட மடிங்க."

"ஆபா?"

"இடது முழங்கால காட்டுங்க. மூணாவது கியர் நிக்காதவங்க எல்லாரும் காட்டுங்க."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கஃபார் பாய் முதலில் மடித்தார். அதே இடம், அதே கத்தரிக்காய் நிறம். பிறகு இன்னொருவர். ஷெட் வாசலில் ஒன்பது பெரிய மனிதர்கள், சிலர் பாண்ட்டை மடித்து, லுங்கி கட்டியிருந்த ஒருவர் அதைத் தூக்கிப் பிடித்து, இடது காலை முன்னால் நீட்டி வரிசையாக நின்றார்கள். ஒன்பதும் இடது கால். ஒன்பதும் நீலம்.

என்ஜினியர் குனிந்து பார்த்தார்.

"காலியா ஓட்டினா வராது சார்" என்றேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தவே இல்லை. "கஃபார் பாய் வண்டி நல்லா சூடாகணும், லோடு இருக்கணும், ஏத்தத்துல மூணாவது கியர்ல ஆக்சிலேட்டர்லருந்து கால எடுக்கணும். அப்பதான் கழலும். அதோ அந்த நீல வண்டிக்குக் காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும் வெள்ளப் புகை. இந்த அண்ணன் வண்டிக்கு ரிவர்ஸ் விழாது, ஆனா வண்டிய ஒரு அடி முன்னால நகத்தினா விழும்." காலையிலிருந்து அவர்கள் பேசிய குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்திருந்தேன், ஒவ்வொருவராகக் கையைக் காட்டிச் சொன்னேன். அதுவரை அவர்கள் யாரும் என் குரலைக் கேட்டதில்லை. நான் அவர்கள் எல்லாருடைய குரலையும் நாலைந்து தடவை கேட்டிருந்தேன்.

எங்கள் வண்டியிலிருந்து கஃபார் பாய் வண்டிக்கு நாற்பது மூட்டையையும் ஓனர்களே கைமாற்றி ஏற்றினார்கள். ஒரு சுற்று சூடாக்கினார்கள். என்ஜினியர் ஏற்றத்தில் ஏற்றி, மூன்றாவது கியரில் காலை எடுத்தார். கியர் ராடு படக்கென்று பின்னால் வந்து அவர் முழங்காலிலேயே அடித்தது. இறங்கும்போது லேசாக நொண்டினார். வெள்ளை ஷூ எல்லாம் டைல்ஸ் பவுடர். மூடிய கோப்பைத் திறந்தார்.

எல்லாரும் கஃபார் பாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது எனக்குப் போனின் ஞாபகம் வந்தது. ரேவதி அதை இன்னும் தூக்கியே பிடித்திருந்தாள். அவர் இன்னும் திரையில் இருந்தார்.

"ஏன் கஸ்தூரி அப்டி சொன்ன?" என்றார்.

எனக்கு அன்றைக்கு இருந்த பேச்சு எல்லாம் தீர்ந்துவிட்டது. ரேவதிதான் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"டாடி, காடி டீக் ரஹே தோ ஆப் சார் மினிட் இச் பாத் கர்தே" என்றாள். வண்டி நன்றாக இருந்தால் நீங்கள் நாலு நிமிடம்தானே பேசுகிறீர்கள், டாடி.

அந்தப் பெண்ணும் திரையில் வருகிற நிமிடத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

சாயங்காலம் போன் வந்தது. நான் அந்த வாரத்துக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

"கஸ்தூரி."

"ம்."

"போன வாரம் கையெழுத்து போட்டுட்டேன்."

"எதுல?"

"காண்ட்ராக்ட்ல. இன்னும் ரெண்டு வருஷம். வண்டி இப்டி கீதே, பேரிங் வேற போச்சே, எத்த நம்பி வர்றதுன்னு போட்டுட்டேன்."

அப்போதுதான் விமான நிலையத்தில் டிராலியை வைத்துக்கொண்டு அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அடுத்த மாதத்தோடு மூன்று வருடம். அந்த வண்டி ஒரு தொந்தரவும் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குரலைக் கொஞ்சம் கேட்பதற்காக, அவர் வருவதையே நான் ஏழு தடவை தள்ளிப் போட்டிருக்கிறேன்.

"வண்டி நெஜமாவே நல்லா ஓடுதா?" என்றார்.

"நல்லா ஓடுது."

"நான் வந்துருக்கலாம்."

"ம்."

போனில் மூச்சு விட்டு விட்டுக் கேட்டது. அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "கிரைண்டருக்காக ரெண்டு வருஷம்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன், மாவுக் கையோடு.

"சரி, வச்சிடட்டா?" என்றார்.

"வேணாம்" என்றேன்.

கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் 'வேணாம்' அதுதான். அவர் வைக்கவில்லை. போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். அவர் அங்கே அவர் சட்டைக்குப் பித்தான் தைத்தார். பேசவில்லை. நடுவில் ஒரு தடவை, "அந்த சத்தம் மட்டும் பொய் இல்ல கஸ்தூரி. அது பேரிங்தான்" என்றார். ஒரு மணி ஐம்பத்து மூன்று நிமிடம்.

இப்போது தினமும் போன் வருகிறது. புகார் எதுவும் தேவைப்படுவதில்லை. எடுத்ததும் அவர் கேட்கிறது, "கிரைண்டர் எப்டி கீது?" போன லீவில் வந்தபோது சாக்லேட் பெட்டிக்கு நடுவில் இரண்டு பேரிங் கொண்டுவந்தார், ஸ்பேருக்கு. குரூப்பில் எனக்கு 'கிரைண்டர் ஆபா' என்று பெயர். யார் வண்டிக்கு என்ன வந்தாலும் முதலில் எனக்கு அனுப்புகிறார்கள், நான் கேட்டுவிட்டு எப்போது, எந்த கியரில் என்று திருப்பிக் கேட்கிறேன். கஃபார் பாய் முழங்கால் ஆறிவிட்டது. ரேவதி எங்கள் வீட்டுக் கணக்கில் அந்த இரண்டு வருடத்துக்கு 'கிரைண்டர் வாலே தோ சால்' என்று பெயர் வைத்திருக்கிறாள். சொந்தக்காரர் யாராவது அப்பா எப்போது வருகிறார் என்று கேட்டால் அப்படித்தான் பதில் சொல்கிறாள், கிரைண்டர் வருஷம் முடிந்ததும். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் ஞாயிறு. வடைக்கு உளுந்து போட்டேன். பாதியில் கிரைண்டர் நின்றுவிட்டது. பழுது பார்க்கிறவர் வந்து கழற்றிப் பார்த்தார். பேரிங்.